வீடு பார்க்க வந்தார்கள்

அக்டோபர் 6, திங்கள்

இந்த டைரியில் இன்றைய தேதிக்குப் பக்கத்தில் 'ஞாயிறு' என்று அச்சடித்திருக்கிறது. போன வருட டைரி. அப்பா காவல் இருக்கும் பருப்பு மில்லில் யாரும் தொடாமல் கிடந்ததாம். "எழுதுத்தா, சும்மாதான கெடக்கு" என்று எடுத்து வந்தார். தினமும் கிழமையை அடித்துவிட்டு எழுத வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் அடியில் ஒரு பொன்மொழி வேறு. இன்றைக்கு 'கேட்பவனுக்கே கிடைக்கும்'. சரி, கேட்டுத்தான் பார்ப்போம்.

கேட்கப்போவது சோலையம்மாள் நினைவுக் கல்வி அறக்கட்டளையை. எங்கள் கல்லூரியில் முதல் வருடம் படிக்கிறவர்களில் ஆறு பேருக்கு மூன்று வருடக் கட்டணத்தையும் அவர்களே கட்டிவிடுகிறார்கள். உதவித்தொகை வேலையைக் கவனிக்கும் அருள்தாஸ் சார் கொடுத்த பாரம் பதினோரு பக்கம். வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக், பிளஸ் டூ மார்க் ஷீட், போட்டோ நான்கு. எல்லாம் மூன்று நகல். பணம் இல்லை என்று காட்டுவதற்கே ஜெராக்ஸுக்கு நூற்றுப் பத்து ரூபாய் ஆனது.

முதல் செமஸ்டருக்கு அம்மா சீட்டை முன்னாலேயே தள்ளி எடுத்துக் கட்டினாள். அடுத்த செமஸ்டர் பதினோராயிரத்து இருநூறு, டிசம்பர் 15-க்குள். கட்டவில்லை என்றால் சென்னையில் ஒரு ஜவுளிக்கடை எனக்காகக் காத்திருக்கிறது. பெரியம்மா மகள் அங்கேதான் இருக்கிறாள். சாப்பாடும் தங்க இடமும் தருவார்களாம். பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும், உட்கார்ந்தால் அபராதமாம். நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. போன வாரம் டைட்ரேஷனில் வகுப்பிலேயே முதல் தடவையில் சரியாக வந்தது எனக்கு மட்டும்தான். இதைப் பொன்மொழிக்காரர்கள் யாராவது குறித்துக்கொள்ளட்டும்.

பாரத்தில் 'தாயின் தொழில்' என்று ஒரு பெட்டி. 'இல்லத்தரசி' என்று எழுதினேன். அந்தப் பெட்டி மிகச் சிறியது.

அக்டோபர் 9, வியாழன்

வருமானச் சான்றுக்கு இ-சேவை மையம். அங்கே 'வி.ஏ.ஓ.வைப் பாரு' என்றார்கள். அவர் மீட்டிங். அவருடைய உதவியாளர், "அப்பாவுக்கு சம்பளச் சீட்டு இருக்கா?" என்றார். மூட்டை தூக்கி முதுகு போன பிறகு இரக்கப்பட்டு காவலுக்கு உட்கார வைத்த ஆளுக்கு யார் சம்பளச் சீட்டு தருவார்கள்? மில்லில் கேட்டால், "எழுதிக் குடுத்தா நாளைக்கு பி.எஃப். கேப்பாக" என்றார்களாம்.

அக்டோபர் 10, வெள்ளி

சர்வர் இல்லை.

அக்டோபர் 13, திங்கள்

சர்வர் வந்தது. கரண்ட் இல்லை.

அக்டோபர் 15, புதன்

வந்துவிட்டது. ஆண்டு வருமானம் எழுபத்திரண்டாயிரம் என்று பச்சை முத்திரையோடு சான்று. அருள்தாஸ் சார் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "எல்லாம் சரியா இருக்கும்மா. வீட்டுக்கு வந்து பாப்பாங்க. உள்ளதை உள்ளபடி காட்டு, அது போதும்" என்றார். இதில் என்ன அறிவுரை வேண்டிக் கிடக்கிறது? இல்லாததைக் காட்ட எங்களிடம் என்ன இருக்கிறது?

சாயங்காலம் சிந்துஜா ஸ்கூட்டியில் கொண்டுவந்து விட்டாள். என் பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிறவள். நாலு மாதமாக அவள் வண்டியில்தான் வருகிறேன். வழக்கம்போல் மெயின் ரோட்டில் பச்சை கேட் வீட்டு முன்னால் இறங்கிக்கொண்டேன். எங்கள் காம்பவுண்டுச் சந்து குறுகல், ஸ்கூட்டி உள்ளே வந்தால் திரும்ப முடியாது. பச்சை கேட்டுக்குள்ளிருந்து அந்த நாய் குரைத்தது. "ராக்கி, சும்மா இரு!" என்று சொல்லிவிட்டு டாட்டா காட்டினேன். "ஒங்கம்மா கேட்டரிங்ல ஒரு நாள் சாப்பாடு போடுடி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அக்டோபர் 24, வெள்ளி

தீபாவளி முடிந்தது. அம்மாவுக்கு நாலு நாளாக மாவு வியாபாரம் இரட்டிப்பு. தெருத்தெருவாக வாளியோடு போய் வந்து கால் வீங்கிவிட்டது. சுக்குத்தண்ணி போட்டுக் கொடுத்தேன், "உப்பு பாத்தியா?" என்றாள். சுக்குத்தண்ணியில் எந்த ஊரில் உப்பு போடுவார்கள்? களைத்துப் போயிருந்தாள்.

கடிதம் வந்திருக்கிறது. நவம்பர் 2, ஞாயிறு காலை பதினோரு மணிக்கு அறக்கட்டளையிலிருந்து இரண்டு பேர் 'இல்ல ஆய்வு'க்கு வருகிறார்கள். படித்துக் காட்டினேன். அம்மா கேட்ட முதல் கேள்வி: "டிபனா, சாப்பாடா?"

அக்டோபர் 31, வெள்ளி

ஒன்றும் செய்ய வேண்டாம் என்று அம்மாவிடம் இன்றோடு ஆறு தடவை சொல்லிவிட்டேன். தண்ணீர் கேட்டால் தண்ணீர் கொடு, போதும். "சரிடி, சரிடி" என்கிறாள். அம்மா இரண்டு தடவை 'சரி' சொன்னால் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்று அர்த்தம்.

அடியில் பொன்மொழி: 'விருந்தினரே வீட்டின் விளக்கு.' இந்த டைரியைக் கொளுத்தலாமா என்று இருக்கிறது.

நவம்பர் 2, ஞாயிறு

எழுதும்போது பேனா தாளைக் கிழிக்கிறது. கோபத்தில்தான்.

பத்தே முக்காலுக்கு நான் மெயின் ரோட்டுக்குப் போய் நின்றேன். எங்கள் சந்து எந்த மேப்பிலும் வராது, ஆள் போய்த்தான் அழைத்து வர வேண்டும். நான் கிளம்பும்போது வீடு வீடாகத்தான் இருந்தது. ஒரு அறை, ஒரு ஃபேன், மூலையில் கிரைண்டர், மழை ஒழுகும் இடத்தில் ஒரு வாளி. ஆட்டோ வந்து சேரப் பதினொன்றரை ஆகிவிட்டது. தடித்த கண்ணாடி போட்ட ஒரு சார், பருத்திப் புடவை கட்டிய ஒரு மேடம். அழைத்துக்கொண்டு காம்பவுண்டுக்குள் நுழைந்தால், ஏழு வீட்டுக்கும் பொதுவான குழாயடியைக் கழுவிப் பெரிய கோலம் போட்டிருக்கிறது. அப்போதே தெரிந்துவிட்டது.

வீட்டுக்குள் பக்கத்து வீட்டுப் பாத்திமா அக்காவின் குஷன் சேர் நான்கு. எதிர் வீட்டுச் செண்பகவல்லி அத்தையின் டி.வி. கடைசி வீட்டு ஸ்டாண்டு ஃபேன், ஷோகேஸ் பொம்மை, சுவர் கடிகாரம். ஒழுகின சுவர்க் கறையை மறைத்து ஒரு பெரிய நாள்காட்டி. வாளியைக் காணோம். மாவு வாளிகளையும் காணோம். கிரைண்டர் மேல் பலகை போட்டு, பூப்போட்ட பெட்ஷீட் விரித்து, நடுவில் பிளாஸ்டிக் ரோஜா வைத்திருந்தாள். அம்மா கல்யாணப் பட்டில் நின்றாள். கழுத்தில் அத்தையின் செயின். வாசலில் அப்பா வெள்ளைச் சட்டையோடு, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லாத முகத்தோடு நின்றார்.

ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஜன்னலில் நின்று அவரவர் சாமானைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கேசரி வந்தது. முந்திரி போட்ட கேசரி. உளுந்த வடை, மிக்சர், கண்ணாடி டம்ளரில் ஆரஞ்சு கலர். "நாங்க போற எடத்துல சாப்புடக் கூடாதும்மா, விதி" என்றார் சார். "விதியாவது ஒண்ணாவது, எங்க வீட்டு வாசல்ல வந்துட்டு வெறும் வாயோட போவாகளா?" என்று அம்மா தட்டைக் கையிலேயே திணித்தாள். சார் கிரைண்டர் மேல் ஃபைலை வைத்து எழுத ஆரம்பித்தார். நல்ல உயரமான மேஜை என்று நினைத்திருப்பார்.

"டி.வி. எத்தனை இஞ்சும்மா?"

"பெரிசுதான் சார்."

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"நான் வீட்டுலதான் சார் இருக்கேன்."

"குடும்பத்துல என்ன கஷ்டம்?"

இந்த இடத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். அம்மா சொன்னாள்: "ஒரு கொறையும் இல்ல சார். ஆண்டவன் புண்ணியத்துல நல்லாருக்கோம்."

கஷ்டத்தைக் கேட்க ஆட்டோ பிடித்து வந்தவரிடம் யாராவது இப்படிச் சொல்வார்களா? கல்யாணத்தில் பார்க்கிற சொந்தக்காரரிடம் சொல்கிற பதிலை இவரிடம் சொல்கிறாள்!

நான் வாயைத் திறந்திருக்கலாமே என்று யாராவது கேட்பார்கள். எங்கே திறக்க? மேடம் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம், "வீட்டை ரொம்ப நீட்டா வச்சிருக்கீங்க" என்றார். "தேங்க்ஸ் மேடம்" என்றேன். அவர் சொன்ன விதத்துக்கு அதைத்தான் சொல்ல முடியும்.

நவம்பர் 3, திங்கள்

சாமான்களைத் திருப்பிக் கொடுத்தோம். ஒரு கண்ணாடி டம்ளர் உடைந்திருந்தது. கடைசி வீட்டு அக்கா, "போகட்டும் மாரி, நம்ம காம்பவுண்டுக்கே பெருமையா இருந்துச்சு" என்றாள். டி.வி.யைத் தூக்கும்போதுதான் பார்த்தேன், அதற்கு வயரே மாட்டியிருக்கவில்லை.

நவம்பர் 19, புதன்

நோட்டீஸ் போர்டில் ஆறு பெயர். மாரீஸ்வரி என்ற என் பெயர் இல்லை. மேலிருந்து கீழும், கீழிருந்து மேலும் பார்த்தேன்.

அருள்தாஸ் சார் அறைக்குப் போனேன். அவர் என் ஃபைலை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்த மாதிரி இருந்தது.

"ஏம்மா, வந்தவங்களுக்குக் கேசரி போட்டீங்களா?"

"போட்டாங்க சார்."

"முந்திரி?"

"போட்டாங்க சார்."

"வெளங்குன மாதிரிதான்" என்று சொல்லி, ஆய்வு அறிக்கையை என் பக்கம் திருப்பி வைத்தார். அப்படியே எழுதி வைக்கிறேன், என்றைக்காவது சிரிக்கத் தோன்றினால் சிரிக்கலாம்: 'வண்ணத் தொலைக்காட்சி ஒன்று. குஷன் நாற்காலிகள் நான்கு. மின்விசிறிகள் இரண்டு. எழுதுமேஜை ஒன்று. தாயார் இல்லத்தரசி (விண்ணப்பத்திலும் அவ்வாறே உள்ளது). குறை ஏதும் இல்லை எனத் தாயாரே தெரிவித்தார். உபசரிப்பு சிறப்பு. பரிந்துரைக்க இயலவில்லை.'

"எல்லாம் எரவல் சார்" என்றேன்.

"அது எனக்குத் தெரியும்மா. இருபது வருசமா இந்தச் சீட்ல இருக்கேன், வருசத்துக்கு ரெண்டு வீடு இப்படித்தான் கேசரியில போகும். ஆனா இல்லத்தரசின்னு நீயே எழுதியிருக்கியே? அதுவும் எரவலா?"

பெட்டி சிறியது என்று சொன்னேன். அவர் பாரத்தில் அந்தப் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

மேல்முறையீடு உண்டாம். பன்னிரண்டு நாள் அவகாசம், டிசம்பர் முதல் தேதிக்குள் தர வேண்டும். குடும்ப நிலையை என் கையெழுத்தில் உள்ளபடி எழுத வேண்டும். கீழே, என் வீட்டை நேரில் பார்த்த வகுப்புத் தோழி ஒருத்தி சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். "வகுப்புல யாரும்மா ஒங்க வீட்டுக்கு வந்திருக்கா?" என்று கேட்டார். யோசிக்கிற மாதிரி நின்றேன்.

நவம்பர் 20, வியாழன்

சண்டை. கல்லூரியிலிருந்து வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தேன். அம்மா கிரைண்டர் முன்னால் உட்கார்ந்து உளுந்தைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"நல்லாருக்கோம்னு சொன்னில்ல? ரொம்ப நல்லாருக்கோம். பேரு வரல. மெட்ராசுக்கு டிக்கெட் போடு. ஊர்ச் சாமானெல்லாம் கொண்டுவந்து கொலு வச்சு என் படிப்பக் கெடுத்துட்ட. வறட்டுக் கௌரவம்! ஏன் இப்படிப் பண்ணுன?"

அம்மா கிரைண்டரை நிறுத்தினாள். கையில் மாவு. அதைத் துடைக்காமலேயே பேசினாள்.

"பச்ச கேட்டு வீட்டுக்குத் தெனமும் ஒரு கிலோ மாவு யாரு குடுக்குறான்னு நெனச்ச?"

நான் பையைக் கழற்றிக் கீழே வைத்தேன்.

"ஆவணி மாசம் ஒரு நாளு. அவுக மாடி அடுப்படியில மாவ ஊத்திக்கிட்டு இருந்தேன். வண்டிச் சத்தம் கேட்டு ஜன்னல் வழியாப் பாத்தா நீ நிக்கிற. அந்த வீட்டுக்குள்ளாற போறவ மாதிரி கேட்டுல கைய வச்சுக்கிட்டு டாட்டா காட்டுற. நான் வாளியோட கீழ எறங்கி வந்தா ஒனக்கு அசிங்கமாப் போயிரும்னு, அந்தப் பிள்ள வண்டி மறையுற வரைக்கும் அங்கனயே நின்னேன்."

"அம்மா…"

"காலேஜுலருந்து வீடு பாக்க வர்றாகன்னு சொன்ன. நீ அங்க நல்ல வீட்டுப் பிள்ளைன்னு சொல்லி வச்சிருக்க. வந்தவுக பாத்துட்டுப் போயி, இந்தா, இம்புட்டுத்தான் வீடுன்னு சொன்னா அந்தப் பிள்ளைக மூஞ்சியில நீ எப்படி முழிப்ப? ஒம் பேச்சு பொய்யாயிரக் கூடாதுன்னுதான் ஆறு வீட்டுல போயி நின்னேன். எனக்கென்னடி கௌரவம்? நான் தெருவுல மாவு விக்கிறவ."

கிரைண்டரைப் போட்டாள். அது சுற்ற ஆரம்பித்த பிறகு, சத்தத்துக்கு மேல் இன்னொன்றும் சொன்னாள். "அப்புறம், அது பேரு ராக்கி இல்ல. ஜூலி. பொட்ட நாயி."

அம்மா செய்தது தப்பு. தப்புத்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

நவம்பர் 21, வெள்ளி

நான் சாப்பிடவில்லை. அம்மாவும் சாப்பிடவில்லை. அப்பா இரண்டு பேர் இட்லியையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நவம்பர் 23, ஞாயிறு

மழை. வாளி அதன் இடத்துக்கு வந்துவிட்டது.

பெரியம்மா போன் பண்ணினாள். கடையில் தை மாசத்துக்கு ஆள் எடுக்கிறார்களாம், உயரம் எவ்வளவு என்று கேட்டார்களாம். அம்மா என் உயரத்தைச் சொல்லவில்லை. "பெறகு சொல்றேன்க்கா" என்று வைத்துவிட்டாள். அரிசி களைய உட்கார்ந்துவிட்டாள்.

மேல்முறையீட்டுக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். மூன்று தாள் கிழித்தாயிற்று. 'என் தாயார் சிறுதொழில் முனைவோர்' என்று ஒன்று. 'உணவுத் துறையில்' என்று ஒன்று. மூன்றாவதைச் சொல்ல மாட்டேன். நாலாவது தாளில்தான் வந்தது:

'என் அம்மா ராமுத்தாய் வீட்டில் மாவு அரைத்துத் தெருவில் விற்கிறார். காலை நான்கு மணிக்கு எழுகிறார். அப்பா காளிராஜ் மூட்டை தூக்கி முதுகு பழுதாகிக் காவல் வேலை பார்க்கிறார். ஆய்வு அன்று இருந்த நாற்காலி, தொலைக்காட்சி எதுவும் எங்களுடையது அல்ல. மேஜை என்று குறிப்பிடப்பட்டது எங்கள் கிரைண்டர். அம்மா குறை இல்லை என்று சொன்னது என்னைக் காப்பாற்ற. விண்ணப்பத்தில் இல்லத்தரசி என்று எழுதியது நான். பெட்டி சிறியதாக இல்லை.'

வெட்கமாக இருக்கிறது. மாவுக்காக இல்லை. ஆவணி மாதத்திலிருந்து அம்மா தெரிந்துகொண்டே எனக்குத் தினமும் டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்திருக்கிறாள், அதற்காக.

நவம்பர் 28, வெள்ளி

சாட்சி கிடைக்கவில்லை. அதாவது, நான் கேட்கவில்லை. சிந்துஜாவிடம் பேச வாய் எடுத்தபோதெல்லாம் பெல் அடித்தது. ஒரு தடவை அடிக்கவில்லை, நான்தான் லேபுக்கு நேரமாகிவிட்டது என்றேன்.

நவம்பர் 30, ஞாயிறு

நாளை கடைசி நாள். காலையில் சிந்துஜாவுக்குப் போன் செய்து, வீட்டுக்கு வா என்றேன். பச்சை கேட் முன்னால் வண்டியை நிறுத்தி, கேட்டைத் திறக்கப் போனாள். "இங்க இல்ல, நடந்து வா" என்றேன். ஜூலி குரைத்தது. சிந்துஜா, "ராக்கிக்கு என்னடி ஆச்சு?" என்றாள். நான் முன்னால் நடந்தேன்.

அம்மா வாசலிலேயே மாவு பாக்கெட் கட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் பதறி எழுந்து, "பாத்திமா! அந்தச் சேர…" என்று ஆரம்பித்தாள்.

"வேணாம்மா, பாயப் போடு" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். பாயை எடுத்து உதறிப் போட்டாள். சிந்துஜா உட்கார்ந்தாள். நான் கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் படித்து முடிக்க நெடுநேரம் எடுத்தாள். அதற்குள் அம்மா நாலு தோசை சுட்டுவிட்டாள். சிந்துஜா பேசாமல் சாப்பிட்டாள், இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள், கை கழுவினாள், கையெழுத்துப் போட்டாள். மெயின் ரோடு வரைக்கும் கூடப் போனேன்.

"நாய்க்குக்கூடப் பேரு வச்சியேடி" என்றாள்.

அழுதிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். டாட்டா இல்லை.

டிசம்பர் 4, வியாழன்

சிந்துஜா பேசவில்லை. பெஞ்சில் பக்கத்தில்தான் உட்காருகிறாள். நடுவில் அவள் பை. நான் பஸ்ஸில் வருகிறேன். பஸ்ஸும் வர மாட்டேன் என்கிறது.

டிசம்பர் 9, செவ்வாய்

சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார்கள், அதே சார், அதே மேடம். செமஸ்டர் பரீட்சைக்குப் படிக்கும் லீவு, நான் வீட்டில் இருந்தேன். அம்மா முழங்கை வரைக்கும் மாவோடு கிரைண்டர் கல்லைத் தூக்கிக்கொண்டிருந்தாள். சேர் வாங்கி வர நேரமில்லை. வாளியில் சொட்டுச் சொட்டென்று தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது, இவ்வளவு சரியான நேரத்தில் எங்கள் கூரை இதுவரை ஒரு காரியமும் செய்ததில்லை.

சார் ஃபைலோடு சுற்றிப் பார்த்தார். "போன தடவை ஒரு மேஜை இருந்துச்சே?"

"அதுலதான் சார் அம்மா மாவு எடுத்துக்கிட்டு இருக்காங்க" என்றேன்.

மேடம் வாயைப் பொத்திக்கொண்டார். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கிரைண்டரைப் பார்த்தார். பிறகு பாயில் உட்கார்ந்து, மடியில் ஃபைலை வைத்து எழுதினார்.

"குடும்பத்துல என்ன கஷ்டம்மா?" என்று மேடம் மறுபடியும் கேட்டார். அம்மா வாயைத் திறந்தாள். எனக்குத் தெரியும், 'ஒரு கொறையும்' என்றுதான் ஆரம்பிப்பாள். நான் முந்திக்கொண்டேன். நாலு மணிக்கு எழுவதிலிருந்து கால் வீக்கம் வரைக்கும் நானே சொன்னேன். இரைந்து சொன்னேன் போலிருக்கிறது, பாத்திமா அக்கா ஜன்னலைத் திறந்தாள். அம்மா தலையைக் குனிந்து கையிலிருந்த மாவை வழித்துக்கொண்டே இருந்தாள்.

கிளம்பும்போது அம்மா சும்மா விட்டாளா? மேடம் கையில் ஒரு கிலோ மாவு பாக்கெட்டைத் திணித்தாள். லஞ்சம் என்று எழுதிவிடப் போகிறார்கள் என்று எனக்கு உயிரே போய்விட்டது. மேடம் பர்ஸைத் திறந்து நாற்பது ரூபாய் நீட்டினார். "அய்யே, காசெல்லாம் வேணாம்மா" என்றாள் அம்மா.

"வாங்கும்மா!" என்று கத்தினேன்.

வாங்கிக்கொண்டாள். அவர்கள் போன பிறகு என்னை முறைத்தாள். "வீட்டுக்கு வந்தவுககிட்ட யாராச்சும் காசு வாங்குவாகளாடி?" இந்த அம்மாவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

டிசம்பர் 12, வெள்ளி

லீவுக்கு நடுவில் வைவா, வாய்மொழித் தேர்வு. அது முடிந்ததும் அருள்தாஸ் சார் பியூனை அனுப்பிக் கூப்பிட்டார். பெயர் வந்துவிட்டது. ஆறு பேர் ஏற்கெனவே இருப்பதால் ஏழாவதாகச் சேர்த்திருக்கிறார்கள். மூன்று வருடக் கட்டணம் மட்டும், புத்தகப் பணம் கிடையாதாம். போதும், போதும். சார் சிரிக்காமல், "மேடத்துக்கு இட்லி நல்லா வந்துச்சாம். ஒங்கம்மாகிட்ட சொல்லு" என்றார். நான் சரியென்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து, சைக்கிள் ஸ்டாண்டில் தூணுக்குப் பின்னால் நின்று நன்றாக அழுதேன்.

பஸ் ஸ்டாப்புக்கு நடந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் ஸ்கூட்டி வந்து நின்றது. சிந்துஜா முகத்தை நேராக வைத்துக்கொண்டு, "ஏறு" என்றாள். ஏறினேன். மழைத் தண்ணீர் தெறித்து என் புடவைக் கரையெல்லாம் சேறு. இன்றைக்குப் பார்த்து வைவா என்று புடவை கட்டியிருந்தேன்.

பச்சை கேட் வந்தது. நான் இறங்கத் தயாராகப் பையை இழுத்துக்கொண்டேன். அவள் நிறுத்தவில்லை. ஜூலி குரைத்தது. "போடி ஜூலி" என்று சொல்லிக்கொண்டே சந்துக்குள் வண்டியைத் திருப்பினாள். குழாயடியில் நின்ற பெண்கள் குடங்களைத் தள்ளி வழிவிட்டார்கள். எங்கள் வாசலில், அம்மாவின் வாளிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"தோசை இருக்கா அத்தை?" என்றாள் அம்மாவிடம். என்னிடம் இன்னும் பேசவில்லை.

சாப்பிட்டுவிட்டு வண்டியை எடுத்தாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சந்தில் ஸ்கூட்டி ஒரே வெட்டில் திரும்பியது.